கேற்றுக்குள் நிற்பது என்ன இனம்?

வாசகர் கேள்வி பதில்: இந்த முறை நாய்கள்

எங்கள் தொடர்மாடியில் ஐந்தாம் மாடிக்காரர் ரொட்வைலர் குட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். "ஆபத்தான இனங்களுக்கு இங்கே இடமில்லை" என்று நிர்வாகக் குழு விதி கொண்டுவரப் போகிறது. பட்டியலில் எந்தெந்த இனங்களைப் போட வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பட்டியல் போட்ட நாடுகள் பட்ட பாட்டை முதலில் பாருங்கள். பிரித்தானியா 1991 இல் ஆபத்தான நாய்கள் சட்டத்தைக் கொண்டுவந்து பிட்புல் ரெரியர், ஜப்பானிய தோசா, டோகோ ஆர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ என்ற நான்கு வகைகளைத் தடுத்தது. முப்பது வருடம் கழித்து இந்த நான்கிலும் அடங்காத எக்ஸ்எல் புல்லி என்ற பெருத்த நாய் ஆட்களைக் கொன்றது. 2023 கடைசியில் அதையும் சேர்த்தார்கள். அங்கே ஒரு நாய் அந்த வகையா என்பதை மரபணுப் பரிசோதனை தீர்மானிப்பதில்லை. அளவு நாடாவும் தோற்றமும்தான் தீர்மானிக்கின்றன. ஆண் நாய்க்குத் தோள் உயரம் 51 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 48 என்று ஒரு கோடு. அதற்கு மேல் தலை, தாடை, உடம்பு அமைப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நெதர்லாந்து 1993 இல் பிட்புல்லைத் தடைசெய்தது, கடி குறையவில்லை என்று கண்டு 2008 இல் தடையைக் கைவிட்டது. இத்தாலி 2003 இல் தொண்ணூறுக்கு மேற்பட்ட இனங்களை எழுதி வைத்து, 2009 இல் பட்டியலையே தூக்கிப் போட்டது. இந்தியாவில் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை நிறுத்தும்படி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது.

அதற்காக "இனத்தில் ஒன்றுமே இல்லை, எல்லாம் வளர்ப்பு" என்று நாய் விரும்பிகள் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் தாக்கி இறந்த 238 பேரின் சம்பவங்களை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் பிட்புல் வகையும் ரொட்வைலரும் இருந்தன. மீதியில் இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் வந்தன. நாட்டில் ஒவ்வொரு இனத்திலும் எத்தனை நாய் இருக்கிறது என்ற கணக்கு இல்லாமல் இந்த எண்ணை வைத்து இனத்தைக் குற்றவாளியாக்க முடியாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். 2022 இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வு 18,000க்கு மேற்பட்ட நாய்களின் குணத்தைக் கேட்டுப் பதிந்தது. தனி நாய்களுக்கிடையிலான குண வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதம்தான் என்று அது காட்டியது.

எங்கள் கணிப்பு இதுதான்: நாய் கடிக்குமா என்பதில் வளர்ப்பின் பங்கு பெரிது, கடித்தால் எவ்வளவு ஆழம் என்பதை உடம்புதான் தீர்மானிக்கும். ஆண் ரொட்வைலர் 50 முதல் 60 கிலோ வரை வரும். பொமரேனியன் ஒன்று ஆத்திரத்தில் பிடித்தால் பிளாஸ்டர் ஒட்டிவிட்டுப் போகலாம். அதே ஆத்திரம் 50 கிலோ நாய்க்கு வந்தால் அறுவைச் சிகிச்சைக் கூடம்தான்.

உங்கள் குழு பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நடந்த 256 மரணங்களை பொலிஸ் விசாரணை வரை தோண்டிப் பார்த்தார்கள். 87 சதவீதத்தில் குறுக்கே விழுந்து தடுக்கக்கூடிய ஆள் பக்கத்தில் இல்லை. 85 சதவீதத்தில் தாக்கப்பட்டவருக்கு அந்த நாயோடு பழக்கம் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76 சதவீதத்தில் நாய் வீட்டாரோடு கலக்காமல், கட்டியோ கூட்டில் அடைத்தோ, தனியே வளர்ந்தது. நாயின் இனத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது 18 சதவீதத்தில் மாத்திரம். இனப் பட்டியல் வைத்திருந்தால் மீதிச் சம்பவங்களில் எதைப் பிடித்திருப்பார்கள்?

ஆகவே விதியை இனத்தின் பெயரில் எழுதாமல், நாயின் எடையையும் அது நடந்துகொள்ளும் விதத்தையும் வைத்து எழுதுங்கள். பொது இடத்தில் எல்லா நாய்களுக்கும் ஒன்றரை மீற்றருக்கு மேற்படாத, இழுபடாத பெல்ட். பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் வகை வேண்டாம்: ஐந்து மீற்றர் தள்ளி நிற்கும் நாயை லிப்ட் கதவு மூடும்போது இழுத்து எடுக்க முடியாது. 20 கிலோவுக்கு மேற்பட்ட நாயைப் பிடித்து வருபவர் வயதுவந்தவராக, அந்த நாயை நிறுத்தக்கூடியவராக இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் அனுப்பக்கூடாது. லிப்டில் ஒரு நேரத்தில் ஒரு நாய், ஆட்கள் இருந்தால் நாய்க்காரர் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். விசர் தடுப்பூசி அட்டையின் பிரதியை வருடா வருடம் காரியாலயத்தில் கொடுக்க வேண்டும். தோல் கிழிந்த ஒவ்வொரு கடியையும் திகதி போட்டுப் பதிய ஒரு கொப்பி. அந்தக் கொப்பியில் பெயர் வந்த நாய்க்கு, இனம் எதுவாக இருந்தாலும், பொது இடத்தில் வாய்க்கூடு கட்டாயம்.

ஸ்பெயின் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போகிறது, ஆனால் பட்டியலையும் விடவில்லை. எட்டு இனங்களைக் குறித்து, அவற்றை வைத்திருப்பவருக்கு உரிமம், குற்றப் பதிவுச் சோதனை, குறைந்தது 120,000 யூரோவுக்குக் காப்புறுதி, வெளியில் வாய்க்கூடு, இரண்டு மீற்றருக்குள் பெல்ட், ஒருவருக்கு ஒரு நாய் என்று 2002 இல் வகுத்தது. வைத்திருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்ற இந்த அணுகுமுறை தடையை விடப் புத்தியானது. இங்கே காப்புறுதிப் பகுதியை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதுதான் சிக்கல்.

உங்கள் விதியை இறுதியாக்க முன் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாடிக்காரரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: நாலு மாதத்தில் எல்லோர் மடியிலும் ஏறும் ரொட்வைலர் குட்டியைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. காவல் குணம் பதினெட்டு முதல் இருபத்து நாலு மாதத்துக்கிடையில்தான் முழுதாகத் தலைகாட்டும்.

பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளுமாமே, உண்மையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பூட்டு ஒன்றும் இல்லை. எல்லா நாய்க்கும் ஒரே மாதிரியான தாடைதான். பிடித்ததை விடாமல் தொங்கும் பழக்கம் அந்த வகையில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது, அவ்வளவுதான். அதனால் இழுக்காதீர்கள்: நாயையோ கடிபட்டவரையோ இழுத்தால் குத்துக் காயம் கிழிந்த காயமாகும். நாயின் பின்னால் போய்க் கழுத்துப்பட்டியை ஒரு கையால் முறுக்கி மேலே தூக்கிப் பிடியுங்கள். மூச்சு முட்டும்போது வாய் திறக்கும். அந்தக் கணத்தில் பின்னுக்கு எடுத்து, கதவோ கேற்றோ ஒன்றுக்குப் பின்னால் தள்ள வேண்டும். அடிப்பதால் பெரும்பாலும் பிடி இறுகத்தான் செய்யும்.

லயன் ஷெப்பர்ட் குட்டி ஒன்று பார்த்திருக்கிறோம். ஐந்து வாரமாம். வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை. வாங்கலாமா?
– வாசகி, தெஹிவளை

லயன் ஷெப்பர்ட் என்பது இலங்கைச் சந்தை வைத்த பெயர். நீள மயிர் ஜேர்மன் ஷெப்பர்ட்டும் அதன் கலப்பும் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. அப்படி ஓர் இனம் சர்வதேசப் பதிவுகளில் இல்லை. இனம் வைத்து விதி எழுதப் புறப்படுபவர்கள் முதலில் இந்தக் குட்டியை எந்த வரியில் எழுதுவார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஐந்து வாரத்தில் வாங்க வேண்டாம். எட்டு வாரம் முடியட்டும். ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில்தான் குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு விளையாடி, கடி கூடினால் மற்றது கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும் என்று படிக்கிறது. வாயின் பலத்தை அடக்கத் தெரிவது அங்கே ஆரம்பிக்கிறது. முந்தி எடுத்த குட்டிக்கு அந்தப் பாடம் இல்லை, அதை உங்கள் பிள்ளையின் கையில்தான் படிக்கும்.

குட்டியைப் பார்க்க முன் தாயைப் பாருங்கள். "தாய் இங்கே இல்லை" என்றால் திரும்பி வாருங்கள். அந்நியரைக் கண்டு தாய் ஒடுங்கி மூலையில் நடுங்கினால் அதுவும் நல்லதல்ல. பாய்ந்து வருகிற தாயின் குட்டியைப் போலவே பயந்த தாயின் குட்டியும் பயந்து கடிக்கும். குட்டியை மல்லாத்தி மெதுவாகப் பதினைந்து செக்கன் பிடியுங்கள். கொஞ்சம் துள்ளிவிட்டு அடங்குவது போதும். விறைத்துப்போய்க் கண்ணை அகலத் திறந்தபடி கிடப்பதையும், நிறுத்தாமல் கத்திக் கடிக்க வருவதையும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் பதினாலாவது வாரம் வரை உள்ள நாட்கள் விலைமதிக்க முடியாதவை. தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் இறக்கக்கூடாது, பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் பிடித்துவிடும். அதற்காக உள்ளே பூட்டியும் வைக்கக்கூடாது. கையில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள்: ஹெல்மெட் போட்டவர், குடை விரித்தவர், தாடிக்காரர், பொல்லு ஊன்றியவர், பாடசாலைச் சீருடைப் பிள்ளைகள், முச்சக்கர வண்டி, காலி வீதி பஸ் சத்தம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் வாயில் ஒரு துண்டு கோழி. ஹெல்மெட்டைக் குட்டியில் கண்டதில்லாத நாய், பின்னால் பார்சல் பையனைக் கண்டு மிரண்டு கடிக்கலாம்.

கருத்தடை பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறோம்: கருத்தடை செய்தால் நாய் சாதுவாகும் என்பது பாதி உண்மை. ஊர் சுற்றுவதும் ஆண் நாய்கள் தங்களுக்குள் பொருதுவதும் குறையும். பயத்தில் கடிக்கும் நாய்க்கு அதனால் பெரிய மாற்றம் வராது. பெரிய உடம்பு நாய்க்கு எந்த வயதில் செய்வது என்பதை மிருக வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள், ஏனென்றால் மிக முந்திச் செய்தால் மூட்டுகள் பாதிக்கப்படலாம்.

எங்கள் ரொட்வைலருக்கு மூன்று வயது. அயலவர் பயப்படுகிறார்கள், வாய்க்கூடு போடச் சொல்கிறார்கள். கடையில் துணியால் செய்த ஒன்று தந்தார்கள். போட்டால் நாய் மூச்சு வாங்குகிறது.
– வாசகர், நாரஹேன்பிட்டி

துணி வாய்க்கூட்டை இப்போதே கழற்றுங்கள். நாய்க்குப் பாதங்களைத் தவிர வேறெங்கும் சொல்லும்படியான வியர்வை இல்லை. வாயைத் திறந்து நாக்கை நீட்டி மூச்சு வாங்குவதால்தான் உடம்புச் சூட்டை இறக்குகிறது. வாயைக் கட்டினால் சூடு உள்ளேயே நிற்கும். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நாக்கில் உள்ள நீர் ஆவியாவதே மெதுவாகத்தான். கறுத்த, தடித்த மயிருள்ள நாய்க்குப் பத்து நிமிட நடை கூடப் போதும் விழுந்துவிட. துணி வகை மிருக வைத்தியர் ஊசி போடும் ஐந்து நிமிடத்துக்கானது.

கூடை வடிவிலான பிளாஸ்டிக் அல்லது கம்பி வாய்க்கூடு வாங்குங்கள். அளவு எடுக்கும் விதம்: கண்ணுக்குச் சற்றுக் கீழிருந்து மூக்கு நுனி வரை நீளம், அதோடு ஒரு சென்ரிமீற்றர் கூட்டுங்கள். சுற்றளவை நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது எடுங்கள், மூடிய வாயில் எடுத்தால் வாங்குவது இறுக்கமாகிவிடும். போட்ட பின் வாயை முழுதாகத் திறக்கவும், தண்ணீர் குடிக்கவும், நீங்கள் கம்பிக்கிடையால் தீனி கொடுக்கவும் முடிய வேண்டும். கழுத்துப் பட்டிக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு நுழைந்தால் நாய் முன்காலால் கழற்றிவிடும். மூக்கின் மேல் முதுகு சிவந்தால் கூடு மூக்கில் உரசுகிறது. பெரிய அளவு தேவை.

ஒரேநாளில் மாட்டிவிடாதீர்கள். முதல் மூன்று நாள் கூட்டின் அடியில் மீனோ கோழியோ வைத்து, நாயாகவே மூக்கை விட்டுத் தின்ன விடுங்கள். நாலாம் நாளிலிருந்து மூக்கு உள்ளே இருக்கும் நேரத்தைப் பத்து செக்கனாக்கி, அரை நிமிடமாக்குங்கள். இரண்டாவது வாரத்தில் பட்டியைப் பூட்டி வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடக்கட்டும். நாய் முன்காலால் கிளறினால் அவசரப்பட்டிருக்கிறீர்கள், இரண்டு நாள் பின்னுக்குப் போங்கள். மூன்றாவது வாரம் வெளியில். காலை ஆறரைக்கு முன்னும் இரவும்தான் நடை. தார் வீதியில் புறங்கையை ஏழு செக்கன் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாக்கு கடுஞ்சிவப்பாகி, எச்சில் பசை போலாகித் தள்ளாடினால் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறி போட்டு, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

வாய்க்கூடு வீட்டுக் கேற்றைச் சரியாக்காது. கொழும்பு வீடுகளில் பிழை நடப்பது பெரும்பாலும் அங்கேதான். அழைப்பு மணி, கடிதப் பெட்டி இரண்டும் மதிலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே கையை விட்டு மணி அடிக்க வைத்தால் கையைத்தான் கேட்கிறீர்கள். கேற் கம்பிகளுக்கிடையில் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒரு மீற்றர் உயரத்துக்கு வலை அடியுங்கள். கேற்றுக்கும் வாசலுக்கும் இடையில் தானாக மூடும் இன்னொரு சிறு கதவு வைத்தால், கார் வெளியே போகும் அந்த அரை நிமிடத்தில் நாய் தெருவுக்குப் போகாது. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்கும்போது இந்த இரண்டாவது கதவின் பெறுமதி தெரியும்.

பார்சல் கொடுக்கப் போன இடத்தில் வீட்டு நாய் காலில் கடித்துவிட்டது. "எங்கட நாய்க்கு ஊசி போட்டிருக்கு, பயப்படாதீங்க" என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? அவர்கள் மேல் வழக்குப் போடலாமா?
– வாசகர், மட்டக்குளி

போக வேண்டும். அதற்கு முன், அந்த வீட்டுக் குழாயிலேயே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவியிருக்க வேண்டும். விசர் நோய்க் கிருமியின் வெளிப்படலம் கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் அதைக் கரைக்கிறது. இன்னும் கழுவாவிட்டால் இப்போதும் கழுவுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் ஒன்றும் வைக்காதீர்கள். காயத்தைத் தைக்க அவசரப்படுத்தவும் வேண்டாம். தைத்தால் கிருமி உள்ளே போகும் என்பதால் வைத்தியர்கள் முடிந்தவரை தள்ளிப்போடுவார்கள்.

விசர் தடுப்பூசி அரச ஆஸ்பத்திரிகளில் இலவசம். நாயின் தடுப்பூசி அட்டையை வாங்கி, திகதிகளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்ன ஊசி வைத்தியருக்கு ஊசியல்ல. கடி ஆழமானதா, நாயைப் பதினாலு நாள் கண்ணில் வைத்திருக்க முடியுமா, கடைசி ஊசி எப்போது போட்டது என்பவற்றைப் பார்த்து அவர்தான் முடிவு செய்வார். ஆழமான காயத்துக்குள் எதிர்ப்புப் புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியும் போட வேண்டி வரலாம். அந்தப் பதினாலு நாளில் நாய் செத்தாலோ காணாமல் போனாலோ உடனே திரும்பிப் போங்கள். ஏற்புத் தடுப்பூசியையும் கேளுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். நாய்களை வருடா வருடம் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901 இலிருந்து இருக்கிறது. விசர் நோய்க் கட்டளைச் சட்டம் அதிலும் பழையது, 1893. நட்டஈட்டுக்கு இங்கே அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். வீட்டு மிருகம் தன் இயல்புக்கு மாறாக ஒருவரைத் தாக்கினால், உரிமையாளரின் கவனக்குறைவை நிரூபிக்காமலே அவரைப் பொறுப்பாக்கலாம் என்பது அதன் பழைய கொள்கை. கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தாலோ அனுமதியில்லாமல் உள்ளே போயிருந்தாலோ அது அவருக்கு எதிராக எடுபடும். நீங்கள் பார்சலோடு போனவர் என்பது உங்கள் பக்கம். "நாய் கடிக்கும்" என்று சிங்களத்திலும் தமிழிலும் பலகை மாட்டியிருந்தால் மட்டும் அவர்கள் தப்பிவிட முடியாது. ஆஸ்பத்திரிக் குறிப்பு, காயத்தின் படங்கள், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், மருந்துப் பற்றுச்சீட்டுகள், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு சட்டத்தரணியைப் பாருங்கள். கொழும்பு எல்லைக்குள் என்றால் மாநகர சபை மிருக வைத்தியப் பிரிவுக்கும் அறிவியுங்கள்.

கட்டாக்காலி நாய்தானே பெரிய ஆபத்து? ஏன் வீட்டு நாய்க்காரரைப் பிடிக்கிறீர்கள்?
– வாசகர், கிருலப்பனை

விசர் நோய்க்கு இரண்டும்தான் பொறுப்பு. தெரு நாய் கூட்டமாகச் சைக்கிள்காரரைத் துரத்தும், காலில் ஒரு பிடி பிடித்துவிட்டு ஓடும். தனி ஆளோடு மோதும் நாய் தெருவில் நெடுநாள் வாழாது. ஓடவும் இடமில்லாத, விலகவும் வழியில்லாத கட்டிய நாய் நின்று கடிக்கும். தெருவில் ஓடாதீர்கள், திரும்பி நின்று குடையை விரியுங்கள், பின்வாங்குங்கள். விழுந்துவிட்டால் முகத்தைத் தரைக்குக் கொடுத்து, கைகளால் கழுத்தின் பின்புறத்தை மூடிச் சுருண்டுகொள்ளுங்கள்.

எங்கள் நாய் பிள்ளைகள் கிட்டே வந்தால் உறுமுகிறது. கடித்ததில்லை. உறுமும்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டுகிறோம், இப்போது உறுமுவதை நிறுத்திவிட்டது. திருந்திவிட்டதா?
– வாசகி, பம்பலப்பிட்டி

எங்களுக்கு இந்த இதழில் வந்த கடிதங்களிலேயே பயமூட்டியது இதுதான். உறுமல் என்பது மணி. நீங்கள் மணியைக் கழற்றியிருக்கிறீர்கள், நெருப்பு அங்கேயே இருக்கிறது. இனி அது சத்தமில்லாமல் கடிக்கும். முதலில் வாயைச் சப்புவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிவது, உடம்பு விறைப்பது என்று வரிசையாக வரும். இவற்றில் எதைக் கண்டாலும் பிள்ளையை எடுத்துக்கொண்டு போங்கள், நாயை ஒன்றும் செய்யாதீர்கள்.

கடியின் அளவைப் பார்ப்பதற்கு மிருக நடத்தை வைத்தியர் இயன் டன்பார் வகுத்த ஆறு படிகள் பயன்படும். ஒன்று, பல் படாமல் மிரட்டுவது, பாய்வது. இரண்டு, பல் பட்டும் தோல் துளைபடாதது. மூன்று, ஒரே கடியில் ஒன்று முதல் நாலு துளை, எதுவும் கோரைப்பல்லின் பாதியை விட ஆழமில்லை. நாலில் துளை அதையும் தாண்டி ஆழமாகிறது, சுற்றிலும் கன்றிப்போகிறது. ஐந்தில் அப்படியான கடி பல. ஆறு மரணம். முதல் இரண்டு படிகளில் உள்ள நாயைப் பெரும்பாலும் பயிற்சியால் திருப்பிவிடலாம். மூன்றுக்கு மிருக வைத்தியரும் பயிற்சியாளரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், பிள்ளையும் நாயும் ஒரு நிமிடமும் தனியே இருக்கக்கூடாது. நாலுக்கு மேல் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த நாயை வைத்திருக்க யாரும் உங்களுக்கு ஆலோசனை சொல்லமாட்டார்கள்.

உங்கள் நாய் இன்னும் ஒன்றாம் படியைத் தாண்டவில்லை. தட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். திடீரென்று உறுமத் தொடங்கியிருந்தால் காதிலோ பல்லிலோ இடுப்பிலோ நோ இருக்கலாம், முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சாப்பிடும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் முன்னால் பிள்ளைகள் தாண்ட முடியாத சிறு தடுப்புக் கதவு ஒன்று போடுங்கள். நாயின் தட்டில் கை வைக்கக்கூடாது, தூங்கும்போது கட்டிப்பிடிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாய் திரும்பவும் உறுமத் தொடங்கினால் பயப்படாதீர்கள், மணி மறுபடி வேலை செய்கிறது.